அறுந்து போகாத கம்பி

இடி இடித்துக் கரண்ட் எகிறும்போதெல்லாம் அந்த வீட்டு பியூஸ் கம்பி எரிந்து அறுந்துவிடும். வீடு இருண்டு போகும். ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது.

"இதெல்லாம் ஒரு கம்பியா? சும்மா சும்மா செத்துப்போகுது" என்று ஃபேன் சலித்துக்கொள்ளும்.

வீட்டுக்காரருக்கும் அலுத்துவிட்டது. மெல்லிசுக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டினார்.

"ஆள்னா இப்படித்தான் இருக்கணும்!" என்று ஃபேன் குஷியாகச் சுற்றியது.

அன்று சாயங்காலமே வானம் கறுத்தது. இடி நெருங்க நெருங்க ஃபேன் தறிகெட்டுச் சுழன்றது. நிற்க நினைத்தும் நிற்க முடியவில்லை. அதன் வயிற்றுக்குள் கருகல் வாடை கிளம்பியது.

"அண்ணே, உள்ளே எரியுதுண்ணே! சீக்கிரம் அறுந்துடுங்க!" என்று அலறியது.

செம்புக் கம்பி சாவகாசமாகச் சொன்னது: "நான் எதுக்குடா அறுந்து போகணும்? எனக்கு ஒண்ணும் ஆகலையே."