மூத்தவளுக்கு இரண்டு கோடு கூட

நாயாற்றில் வள்ளமும் வலையும் வைத்து ஆள்பிடித்துத் தொழில் செய்த சம்மாட்டியின் மூத்த மகள் பிலோமினா, தம்பி மனைவி யூலிற்றாவை ஒருபோதும் மனுஷியாக மதித்ததில்லை. எலும்புந்தோலுமாய் ஆசுப்பத்திரிக்குப் போனவள், ஊசி மருந்தோடு திரும்பிச் சில மாதங்களிலேயே கன்னம் திரண்டு நின்றமை பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மருந்துக் குப்பியோ, பழுதாகாதபடி ஈரமணலில் புதைத்த மண்முட்டிக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது.

“விற்றமின் ஊசியை ஒளிச்சு வைச்சே உடம்பை வளர்க்கிறாய்? எனக்கும் போடன்!”

“அது உங்களுக்குக் கூடாது, மச்சாள். டொக்டர் எனக்கெண்டு அளந்து தந்தது. என்ர வருத்தம்...”

“உன்ர வருத்தக் கதை ஆருக்கு வேணும்? எரிச்சல்பிடிச்சவள்!”

பெரிய வெள்ளியன்று காலை, யூலிற்றா கோயில் கூட்டப் போனதும், வெறும் வயிற்றோடு ஒருசந்தி நோன்பிருந்த பிலோமினா குப்பியை எடுத்தாள். யூலிற்றா ஏற்றும் அளவை அவள் நாள்தோறும் கவனித்தே வந்தாள். ஆயினும் சம்மாட்டியின் மகளுக்கும் அதே அளவா? ஊசிக்குழலில் இரண்டு கோடு கூட்டியே தன் தொடையில் ஏற்றினாள்.

யூலிற்றா திரும்பியபோது, பிலோமினா குசினியில் அடுப்படி நிலத்தில் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள், நாக்குக் குழறியது. அருகில் குப்பியைக் கண்ட யூலிற்றா, பதறியோடிச் சீனியைக் கரைத்து மிடறு மிடறாகப் பருக்கினாள். மெல்ல நடுக்கம் தணிந்தது.

“என்ன மருந்தடி அது?”

“சலரோகத்துக்கு, மச்சாள். இரத்தத்தில இருக்கிற சீனியைக் குறைக்கிறது. எனக்குச் சீனி கூட. நீங்கள் வெறும் வயிறு. கொஞ்சம் பிந்தியிருந்தால் சீவன் போயிருக்கும்.”

பிலோமினா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்காக, பெரிய வெள்ளியில சீனித்தண்ணி பருக்கி என்ர ஒருசந்தியைக் கெடுக்கிறதே? பாவி!”