கழுத்தில் வைத்த கை

"இன்னொரு தடவை சார்," என்றாள், கடலடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சியை அவருக்குத் தரும் பெண்.

நீச்சல் குளத்தின் அடியில் அவள் கழுத்தில் கை வைத்துக் காட்டினால், காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அவர் தன் உபரிக் காற்றுக் குழாயை அவளிடம் நீட்ட வேண்டும்.

"அஞ்சு தடவையும் குடுத்தேனேம்மா! சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு விடு. நாளைக்கு என் பொண்ணை முதல் தடவையா கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்."

"குடுத்தீங்க. ஆனா லேட்டாத்தான் என்னைப் பாத்தீங்க."

"ஒன்பது வருஷமா தண்ணி பக்கமே வரலையே, துருப்பிடிச்சுப் போச்சு," என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஏன் விட்டீங்க?"

அவர் குரல் இறங்கியது. "கூட வந்தவர் இதே மாதிரி கை காட்டியிருக்கார். நான் மீனைப் போட்டோ எடுத்துட்டிருந்தேன். மீனுக்குப் பின்னால அவர் கழுத்துல கை வெச்சிருந்ததை, அப்புறம் படத்துலதான் பாத்தேன்."

"அந்தப் படத்தை விசாரணையில எங்க அம்மாகிட்டயும் காட்டினாங்க. அவர் என் அப்பா."

அவர் முகமூடியைக் கழற்றினார். "நான் போயிடறேம்மா."

"போகாதீங்க. உங்க பொண்ணு உங்களை நம்பித்தானே இறங்கப் போறா?"

அவளே அந்த முகமூடியை வாங்கி அவருக்கு மாட்டிவிட்டாள்.

"இறங்குங்க சார்."