குதிரைத் தைலம்

ஞானசௌந்தரி வந்து சேர்வதற்கு முன்னாலேயே அவளுடைய தைல நாற்றம் மாதா கெபிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பிலோமி திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி பொண்டாட்டிக்காகக் கழுத்தைத் திருப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அக்டோபர் மாதம். தெருப் பெண்கள் செபமாலைக்காக, மாதா சொரூபம் வைத்த அந்தக் கல்குகைக் கெபியின் முன்னால் மணலில் கூடியிருந்தார்கள். செபத்தை நடத்துகிறவள் தொடக்கம் முதல் கடைசி வரை முழந்தாளில் நிற்க வேண்டும். நடுவில் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். அது அந்தத் தெருவின் சட்டம்.

பல வருஷமாக அந்த இடம் பிலோமியுடையது. புருஷன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் பம்பாய், கொழும்பு என்று போனார்கள். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு முழ மணல்தான்.

அவளுக்கும் முழங்கால் உண்டு. அதில் உயிர் போகிற வலியும் உண்டு. ஆனால் அதை ஊர் முழுக்கத் தமுக்கடிக்கிற ஈனப்புத்தி அவளுக்கு இல்லை.

ஞானசௌந்தரிக்கோ அதுதான் பிழைப்பு. பால்துரை அண்ணாச்சி கடையில் வலி மாத்திரை, மருந்துக்கடையில் மீனெண்ணெய் மாத்திரை, எவனோ சொன்னான் என்று கையில் செம்பு வளையம், புன்னைக்காயலிலிருந்து அவள் அண்ணன் காய்ச்சி அனுப்பிய சுறா ஈரல் எண்ணெய். அந்த எண்ணெய் நாற்றத்துக்குத் தெருநாய்கூட அவள் வீட்டுப் பக்கம் போகாது. காயல்காரிக்கு மூக்கு எதற்கு என்று பிலோமி நினைத்துக்கொள்வாள்.

தின்று மீந்ததையும் தேய்த்து மீந்ததையும் பிலோமி வீட்டில் கொண்டுவந்து வேறு வைப்பாள். "வலிக்கு நல்லாக் கேக்கு மைனி, நீங்களும் போட்டுப் பாருங்க" என்பாள். ஆற்றில் போகிற தண்ணியை ஐயா குடி, அம்மா குடி என்கிற தாராளம். பிலோமி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கி வைப்பாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுத் தேய்த்துக்கொள்வாள் என்பது வேறு விஷயம்.

இரண்டு குடம் தண்ணீரோடு ஓட்டமாய் ஓடுகிறவளுக்கு மூட்டுவலியாம்! எல்லாம் இந்த முன்வரிசை இடத்தின் மேல் வைத்த கண். அதற்காகத்தான் கழுதை காலைத் தேற்றுகிறது.

முந்தாநாள் அவள் கொண்டுவந்து நீட்டியது ஒரு கறுப்புப் புட்டி. புதுத் துறைமுகத்தில் கப்பல் விட்டு இறங்கிய அவள் புருஷன், பிலோமியின் தம்பி ரோச் வாங்கிவந்தது. மேலே குதிரைப் படம், கீழே இங்கிலீஷ். ரோச்சுக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரை படித்தவள் பிலோமிதான்.

குதிரைகளுக்கு மட்டும், மனிதத் தோலில் படக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிலோமி அதை இரண்டு தடவை படித்தாள்.

"குதிரைப் படம்லா போட்டிருக்கு மைனி?"

"புலிப் படம் போட்ட டப்பாவப் புலிக்கா வாங்குதோம்? கோடாலிப் படம் போட்டதக் கோடாலிக்கா தேய்க்கோம்? போளா, நல்லா அழுத்தித் தேயி."

தேய்த்திருக்கிறாள். அதுதான் இந்த நாற்றம். ஞானசௌந்தரி நொண்டி நொண்டி வந்து, பிலோமிக்குப் பக்கத்தில் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

முழந்தாளிட முடியவில்லை. ஒழிந்தது போட்டி. மாதாவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று பிலோமி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னளா, மகாராணி காலை நீட்டிட்டிய?"

ஞானசௌந்தரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கினாள். இரண்டு முழங்காலிலும் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. ஒரு துண்டை விலக்கிக் காட்டினாள். தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சிவப்பாய்க் கிடந்தது.

"மைனி, அந்தக் குதிரைப் புட்டிய நீங்க கேட்டாலும் தரமாட்டேன். கடல்ல வீசிட்டேன். நல்லவேளை, எப்பவும் போல மொதல்ல எங்காலுல போட்டுப் பாத்தேன். இல்லன்னா ஒங்களுக்குல்லா இந்தக் கதி ஆயிருக்கும்."

பிலோமிக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒனக்கு மூட்டுவலின்னுல்லா சொன்ன?"

"எனக்கெங்க மைனி வலி? நீங்க வாயத் தொறந்து சொல்லமாட்டீய. யாராவது ஒருத்தி வலின்னு சொல்லித்தான மருந்து கேக்கணும்?"

கோயில் மணி அடித்தது. பேச்சு அடங்கியது. பெண்கள் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். பிலோமியும் முழந்தாளிட்டாள்.

நெற்றியில் சிலுவை போட்டாள். விசுவாச மந்திரத்தைத் தொடங்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மந்திரம். முதல் சொல் வரவில்லை. பின்னால் பெண்கள் காத்திருந்தார்கள். யாரோ செருமினார்கள். பிலோமி வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

ஞானசௌந்தரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் புண்ணின் மேலிருந்த ஈரத்துண்டுகள் இரண்டையும் உருவி, பிழிந்து, மடித்து, யாருக்கும் தெரியாமல் பிலோமியின் முழங்காலுக்கு அடியில் தள்ளினாள்.

"ரொம்ப வலிக்கோ மைனி?" என்று காதோடு கேட்டாள்.