இல்லத்தரஸ் சொன்னது

"அப்பா, நம்ம குரூப்ல உங்களுக்கு என்ன பட்டப்பேர் தெரியுமா? இரவல் வாய்!"

கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனிதர், சொந்தக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அம்மா சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் அந்தக் கிரேக்கர்தானா?" என்றாள் மகள்.

"அவரேதான்."

விவகாரம் இதுதான். கீழ்த்தளத்து அக்கா ஒருத்தி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தைகள் என்றால் அழத்தானே செய்யும்? சத்தம் தாங்கவில்லை, அவள் காலி செய்தே ஆகவேண்டும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்துவிட்டார். இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. தோற்றால் அந்த அக்காவுக்கு வீடும் போச்சு, பிழைப்பும் போச்சு.

அப்பா, அக்காவின் பக்கம். அதில் மகளுக்கு வருத்தமில்லை. அவர் வாதாடும் லட்சணம்தான் அவள் மானத்தை வாங்கியது. குழுவைத் திறந்து உரக்கப் படித்தாள்.

"‘குழந்தை அழுதால் காது வலிக்கும். அழவே இல்லையென்றால் நெஞ்சு வலிக்கும் - கிரேக்க ஞானி இல்லத்தரஸ்.’ இது முந்தாநாள். ‘தூக்கம் கெடுகிறது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இன்னொருவர் தூக்கத்தைக் கெடுத்தவர்களே - இல்லத்தரஸ்.’ இது நேத்து. ஏம்ப்பா, விவாதம்னா நம்ம புத்தியிலேர்ந்து வரணும். எவனோ சொன்னதை எடுத்து ஒட்டுறதுக்குப் பேரு விவாதமா?"

"எவ்வளவு கைதட்டல் விழுந்திருக்குன்னு பாத்தியா?"

"அது கிரேக்கருக்கு விழுந்தது!"

அம்மா ஒரு தலையணை உறையை உதறினாள். கொஞ்சம் பலமாகவே உதறினாள்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அதோட, நான் நெட்ல தேடிப் பாத்துட்டேன். இல்லத்தரஸ்னு கிரேக்கத்துல ஒரு ஈ காக்காகூட இருந்ததில்ல. இதை வேற யாராவது கண்டுபிடிச்சா அந்த அக்கா கதி என்னப்பா?"

அப்பாவின் விரல் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் சிணுங்கியது. செயலாளரேதான்.

"போச்சு, கண்டுபிடிச்சிட்டார்!" மகள் பதறிக்கொண்டே படித்தாள்.

‘இல்லத்தரஸை நான் மாணவப் பருவத்திலேயே கரைத்துக் குடித்தவன். மூல நூலையே படித்திருக்கிறேன். நண்பர் பாதியை மறைக்கிறார். முதுமையில் இல்லத்தரஸ் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, குழந்தைச் சத்தம் நாகரிகத்துக்கே கேடு என்று எழுதியிருக்கிறார்.’

"யாரு, நானா?" அம்மா விருட்டென்று எழுந்தாள். மடித்து அடுக்கிய துணியெல்லாம் சரிந்து விழுந்தது. "நான் எப்போ மாத்திக்கிட்டேன்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"இல்லத்தரஸ்... இல்லத்தரசி?"

"கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் கிரேக்கமாக்கிட்டேன்," என்றார் அப்பா.

"அம்மா சொன்னதுன்னு நேராவே போட்டிருக்கலாமே!"

"அம்மாவே போட்டாளேம்மா, போன வாரம். மேலே தள்ளிப் பாரு."

தள்ளிப் பார்த்தாள். அதே காது, அதே நெஞ்சு, ஒரு எழுத்து மாறாமல் அம்மாவின் பெயரில். அடியிலேயே செயலாளரின் பதில்: ‘மேடம், இங்கே முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம். சமையல் குறிப்புக்குத் தனி குரூப் இருக்கிறது.’ அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. கிரேக்கருக்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அன்று அங்கேதான் பல்லிளித்திருந்தார்கள்.

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இப்பவே எழுதறேன். அந்த ஞானி எங்கம்மாதான்னு போட்டு உடைக்கிறேன்."

"பேசாம இருடி." அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் சொன்னதுன்னு தெரிஞ்சா அத்தனை பேரும் ஓட்டை மாத்திப் போட்டுடுவாங்க. என் பேரு கெடக்கு. பாவம், அந்தப் பொண்ணு எங்கே போவா?"

தன் போனோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் திரும்பினாள். "என்னங்க, சொல்றதை அப்படியே அடிங்க."

அப்பா அடக்கமாக அடித்தார்.

‘நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொல்லித் திரிபவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். அவர்களை நம்பாதீர்கள் - இல்லத்தரஸ்.’

கைதட்டல் கொட்டியது. ஓட்டுகள் மளமளவென்று இந்தப் பக்கம் சாய்ந்தன. இருட்டுவதற்குள் முடிவும் வந்துவிட்டது. அக்கா இருக்கலாம். குழந்தைகள் தாராளமாக அழலாம்.

கடைசியாகச் செயலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

‘ஞானியின் வாக்குக்கு மேல் நான் என்ன சொல்ல? இதுவும் அதே நூலில்தான் வருகிறது. அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.’