தேய்ந்த அட்டை

செங்கம் ரோட்டு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மொஹ்சினுக்கு இது பதினோராவது இண்டர்வியூ.

"பௌர்ணமிக்கு லீவு கிடையாது, கிரிவலக் கூட்டம் வரும். சரி, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்றார் மேனேஜர்.

மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னான். "மேனேஜரா இருப்பேன் சார். அப்புறம் சொந்தமா ஒரு லாட்ஜ்."

அவர் சிரிக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. 'மொஹ்சின், ரிசப்ஷன்.' போட்டோவில் அவனுடைய முகம், அவனுடைய புருவத் தழும்பு. தலைமுடி மட்டும் முழுக்க நரைத்திருந்தது.

"ரிடையர் ஆன அன்னிக்கு நீங்கதான் குடுத்துட்டுப் போனீங்க. ஒரு பௌர்ணமிக்குக்கூட லீவு போட்டதில்ல. நாளைக்கு வந்துடுங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்த மொஹ்சின், கேட்கவில்லை. காலை ஆறு மணி. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.