இறுக்காத நட்டு

“பன்னிரண்டு மணிக்கு பைக்கின் சொந்தக்காரன் வருகிறான். அதற்குள் எஞ்சின் ஓடவில்லையென்றால் நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்.”

ஸ்காபரோவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை அது. வெள்ளைக்கார முதலாளி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மெக்கானிக் அலெக்ஸாண்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

சேற்றிலும் மேட்டிலும் ஓடுகிற அந்த டேர்ட் பைக் மூன்று நாளாக அவரை ஆட்டிப் படைக்கிறது. பிளக் மாற்றியாயிற்று. காபுரேற்றர் கழுவியாயிற்று. கிக்கரை மிதித்தால் அது திருப்பி மிதிக்கிறது!

அந்த நேரம் பார்த்து வேலை கேட்டு வந்து நின்றான் நீக்கிலாஸ். 1987இல் இலங்கையிலிருந்து வந்திறங்கிய அகதிகளில் ஒருவன். கனடாவுக்கு வந்து ஆறு வாரம்தான்.

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, “எங்கட சனத்துக்கு நாங்கள்தான் கை குடுக்கவேணும்” என்று மைக் பிடித்து முழங்கியவர் அலெக்ஸாண்டர். பாவம், அதை நம்பி வந்திருந்தான்.

“ஒருக்கா மிதியுங்கோ அண்ணை.”

மிதித்தார்.

“ஸ்பார்க் நேரம் தவறி அடிக்குது. பிளைவீல் இடம் மாறியிருக்கு.”

எஞ்சின் பக்க மூடியைக் கழற்றினார்கள்; உள்ளே பிளைவீல் சக்கரம். அதைத் தட்டிக் கழற்ற அலெக்ஸாண்டர் சுத்தியலைத் தூக்கினார்.

“ஐயோ, அடியாதேங்கோ! உள்ளுக்கை காந்தம் வெடிச்சுப்போம். புள்ளர் இருக்கே?”

சக்கரத்தை இழுத்துக் கழற்றும் அந்தப் புள்ளரைப் போட்டுத் திருக, பிளைவீல் கழன்று வந்தது. அதைத் தண்டோடு பிடித்து வைக்கிற சின்னக் கீ இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது.

“நட்டை ஒழுங்கா இறுக்கேல்லை. ஆர் அண்ணை கடைசியாப் பூட்டினது?”

போன மாதம் அதைக் கழற்றிப் பூட்டியவர் அலெக்ஸாண்டரேதான். அவசரமாகப் புதுக் கீ தேடப் போனார்.

புதுக் கீ போட்டு, நட்டை இறுக்கி, ஒரே மிதி. எஞ்சின் கடையே அதிர ஓடியது.

முதலாளி வெளியே வந்தார். “என்ன பிழை?”

“பிளைவீல் கீ. கொம்பனியிலிருந்தே பழுதாக வந்திருக்கிறது. நான் கண்டுபிடித்துவிட்டேன்,” என்று இங்கிலிஷில் அளந்தார் அலெக்ஸாண்டர்.

நீக்கிலாஸ் கையைத் துடைத்தபடி நின்றான். நேற்று வந்தவன், இவனுக்கு இங்கிலிஷ் என்ன விளங்கப்போகிறது?

முதலாளியின் பார்வை அந்தக் கிறீஸ் கையில் விழுந்தது. “இவன் வேலை தெரிந்தவன் போலிருக்கிறதே. திங்கட்கிழமை வருவானா, கேள்.”

அலெக்ஸாண்டர் கணக்குப் போட்டார். இவன் உள்ளே வந்தால் ஒரே மாதத்தில் தன் சீட்டுக் கிழியும்.

“அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம்,” என்றார் முதலாளியிடம்.

முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

“நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தன் தம்பி,” என்று தமிழுக்குத் திரும்பினார் அலெக்ஸாண்டர். “ஆள் தேவையில்லையாம்.”

நீக்கிலாஸ் கை துடைத்த துணியை மடித்து வைத்தான்.

“சரி அண்ணை. வாறன்.”

வாசலில் பைக்கின் சொந்தக்காரன் எதிர்ப்பட்டான். எஞ்சின் சத்தம் கேட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். நீக்கிலாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நீதான் திருத்தினாயா?”

அலெக்ஸாண்டர் பைக்குக்குப் பின்னால் ஒதுங்கினார்.

தங்குதடையில்லாத இங்கிலிஷில் நீக்கிலாஸ் சொன்னான்:

“இல்லை. திருத்தியவர் அதோ நிற்கிறார். நான் இங்கே வேலை கேட்டு வந்தவன். எனக்கு எங்கேயோ வேறு வேலை கிடைத்துவிட்டதாம்.”