மதில்மேல் காக்கைகள்

வெயில் தாழ்ந்துகொண்டிருக்கிறது, எங்கள் வாசல் மதில் முழுக்கக் காக்கைகள். ஒன்றும் கரையவில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த கூட்டை நேற்றுக் கலைத்த மூத்த மாப்பிள்ளை, வெயிலுக்கென்று என் சாம்பல் நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டாராம். காலையிலிருந்து அந்தத் தொப்பியோடு நான் தலைகாட்டினால் போதும், பாய்கின்றன. வெளிக்கதவுக்கு அப்பால் கார் வந்து நிற்கிறது. என் இளைய மகளைப் பெண் கேட்டு வந்திருக்கும் வருங்காலச் சம்பந்தி வீட்டார். விருந்தாளிக்குக் குடும்பத் தலைவன்தான் கதவு திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மாறியதில்லை. "தொப்பியையாவது கழட்டிட்டுப் போங்கப்பா," என்கிறாள் இளையவள். "காக்காவுக்குப் பயந்தா? என் வாசல்லயா?" ஜன்னலுக்குப் பின்னால் பத்திரமாக நின்றபடி மாப்பிள்ளை சொல்கிறார்: "வேணும்னா நான் அதுங்ககிட்ட பேசிப் பாக்கறேன் மாமா." "நேத்து நீங்க பேசினதே போதும்." முதுகை நிமிர்த்தி நடக்கிறேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் மதிலெங்கும் சிறகுகள் விரிகின்றன, ஈரத்துணியை உதறும் சத்தத்தோடு. ஒரு நகம் காதோரம் உரசுகிறது. என் கை என்னைக் கேட்காமலே தொப்பியை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறது. கதவு திறக்கிறது. மரியாதைக்காகக் கழற்றினேன் என்று எண்ணிய சம்பந்தி முகம் மலர்ந்து தலை தாழ்த்துகிறார். நானும் மறுக்கவில்லை. கதவுத் தூணில் வந்தமர்ந்த பெரிய காக்கை மட்டும் தொப்பியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், என் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.